நொசோமி நிற்காத ஊர்கள்

இரத்தினபுரியிலோ கேகாலையிலோ ஒருவர் ஜப்பானுக்குப் போகப்போவதாகச் சொன்னால், கேட்கிறவர் எல்லோரிடமும் ஒரே திட்டம் தயாராக இருக்கிறது. டோக்கியோவில் மூன்று நாள், கியோட்டோவில் இரண்டு நாள், ஒசாகாவில் ஒரு நாள், நடுவில் புல்லட் ரயில், ஜன்னல் வழியாக பியூஜி மலை. பயண முகவரின் துண்டுப் பிரசுரமும் யூடியூப் காணொளிகளும் ஏற்கனவே போய்வந்த உறவினரும் சொல்வது இதைத்தான். கூடவே சில எச்சரிக்கைகளும் வரும். அங்கத்தைய சாப்பாடு வாய்க்குப் பிடிக்காது, மிளகாய்த்தூளும் பருப்பும் கட்டிக்கொண்டு போ. தேயிலைத் தோட்டம் பார்க்கவென்று ஒரு நாளையும் வீணாக்காதே, அது வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கடைசியாகச் சொல்லப்படுவதுதான் மனதைக் குத்துவது: தோட்டத்துப் பிள்ளைகள் ஜப்பானுக்குப் போவது உழைக்க, ஊர் சுற்றுவதற்கில்லை.

இந்த அபிப்பிராயம் அடிமுதல் நுனிவரை தவறு. சப்ரகமுவத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஜப்பானில் பார்க்கவும் ருசிக்கவும் வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த மூன்று பெருநகரங்களுக்கு வெளியேதான் இருக்கிறது. அவற்றைக் கண்டதும் புரிந்துகொள்ளும் கண்ணும் நாக்கும் வேறு பல நாட்டுப் பயணிகளைவிட இவர்களுக்கு அதிகம். ஐரோப்பியப் பயணிக்கென்று வகுக்கப்பட்ட பாதையை அப்படியே வாங்கிக்கொண்டால் அந்தக் கண்ணுக்கும் நாக்குக்கும் வேலையே இல்லாமல் போகிறது.

ரயிலிலிருந்தே தொடங்கலாம். டோக்கியோவிலிருந்து ஒசாகா வரை ஓடும் தொக்காய்தோ ஷின்கான்சென் பாதையில் மிக வேகமானது நொசோமி. வழியில் ஷிசுவோகா மாகாணம் வருகிறது. அந்த ஒரு மாகாணத்துக்குள் மட்டும் ஆறு ஷின்கான்சென் நிலையங்கள் உண்டு: அத்தாமி, மிஷிமா, ஷின்-பியூஜி, ஷிசுவோகா, காக்கெகாவா, ஹமாமட்சு. நொசோமி இவை ஒன்றிலும் நிற்பதில்லை. ஜப்பானின் பெயர்பெற்ற தேயிலை நாடு கண்ணாடிக்கு வெளியே பச்சைக் கோடாக ஓடி மறைகிறது. பயணி அந்த நேரத்தில் பியூஜி மலையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கடந்துபோகப்படுவது என்றால் என்னவென்று சப்ரகமுவவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் மூன்று பெருவீதிகளும் இந்த மாகாணத்தைத் தொட்டுத்தான் போகின்றன. ஏ1 கேகாலை, மாவனெல்லை வழியாகக் கண்டிக்கு. ஏ7 யட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாக ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும். ஏ4 இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை வழியாக ஊவாவுக்கு. சுற்றுலா வேன்கள் பின்னவலையில் யானையைக் காட்டும், கித்துல்கலவில் படகில் ஏற்றும். தேயிலை பார்ப்பதற்கு நுவரெலியா போய்ச் சேர்ந்த பிறகே கதவு திறக்கும். இத்தனைக்கும் தேயிலைச் சபை வகுத்திருக்கும் ஏழு தேயிலைப் பிரதேசங்களில் சப்ரகமுவவும் ஒன்று. நாட்டின் மொத்தத் தேயிலையில் பாதிக்கும் மேல் தாழ்நிலத் தேயிலை. அதன் பெரும் பங்கு சப்ரகமுவவிலிருந்தும் தென் மாகாணத்திலிருந்தும் வருகிறது. இறக்குவானையையும் தெரணியகலையையும் எந்த வழக்கம் பயண வரைபடத்திலிருந்து அழித்ததோ, அதே வழக்கத்தைச் சுமந்துகொண்டு அந்த ஊர்க்காரர் ஜப்பானுக்குப் போய் ஷிசுவோகாவை அழிப்பது பெரிய அநியாயம்.

இந்தப் பாதைக்குச் சாதகமாகச் சொல்லப்படும் சிக்கனக் கணக்கும் பழையது. 'ஜப்பான் ரயில் பாஸ் வாங்கிவிடு, மூன்று நகரமும் மலிவாக முடியும்' என்ற ஆலோசனை ஒரு காலத்தில் சரி. ஏழு நாள் சாதாரண பாஸின் விலை 2023 ஒக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் போய்வரும் ஷின்கான்சென் கட்டணம் ஏறத்தாழ 28,000 யென். பாஸ் எடுத்தவர் கிட்டத்தட்ட அதே அளவு இன்னொரு நெடும்பயணமும் செய்தால்தான் போட்ட பணம் தேறும். அவசரம் இல்லாதவருக்கு உள்ளூர் ரயில்களில் மட்டும் ஏறும் 'செய்ஷுன் 18' டிக்கெட் உண்டு. வருடத்தில் குறித்த சில பருவங்களில் விற்கப்படும் அது, 2024 குளிர்காலத்தில் வந்த மாற்றத்தின்படி, தொடர்ந்து மூன்று நாளுக்கு 10,000 யென், ஐந்து நாளுக்கு 12,050 யென். அந்த ரயில்கள் ஷிசுவோகாவின் சின்னச் சின்ன நிலையங்களில் எல்லாம் நின்று போகும்.

நெரிசலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2024இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் தொகை 3 கோடி 68 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பெருந்தொகையினர் குவிந்தது அந்த மூன்று நகரங்களில். கியோட்டோவின் கியோன் பகுதியில் சுற்றுலாப் பயணிகளின் தொல்லை தாங்காமல், அதே வருடம் தனியார் சந்துகளுக்குள் நுழைவதைத் தடைசெய்து, மீறினால் 10,000 யென் தண்டம் என்று பலகை வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் இடிபட்டுத் திரும்புகிறவர் ஜப்பானியப் பண்பாட்டைப் பார்த்தேன் என்று சொன்னால், அவர் பார்த்ததில் பாதி மற்றப் பயணிகளின் முதுகு.

'தேயிலையா? அதுதான் வீட்டு வாசலில் இருக்கிறதே!' என்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் மிக நீளமானது.

மே மாதத் தொடக்கத்தில் ஷிசுவோகாவின் மக்கினோஹாரா மேட்டுநிலத்தில் நின்று பார்த்தால், தேயிலை அங்கே வேறு உருவம் எடுத்திருப்பது தெரியும். தனித்தனிச் செடியாகக் கண்ணில் படாது. நீண்ட வரிசைகள், ஒவ்வொன்றின் தலையும் வளைவாக வெட்டிவிடப்பட்டிருக்கும். வரிசைகளுக்கு மேலே உயர்ந்த கம்பங்களில் விசிறிகள் நிற்கும். வசந்தத்தின் பின்னிரவுகளில் உறைபனி இறங்கித் துளிரைக் கருக்கிவிடாதபடி, மேலே இருக்கும் சற்று வெதுவெதுப்பான காற்றை அவை கீழே தள்ளுகின்றன. கொழுந்தெடுக்க இரண்டு பேர் ஒரு இயந்திரத்தின் இரு முனையையும் பிடித்தபடி வரிசையின் இருபுறமும் நடக்கிறார்கள். அதன் வெட்டும் அலகு செடியின் வளைவுக்குப் பொருந்த வளைந்திருக்கிறது. வெட்டுப்பட்ட கொழுந்தைக் காற்று வீசி, பின்னால் இழுபட்டு வரும் நீளப் பைக்குள் தள்ளுகிறது. பெரிய தோட்டங்களில் வரிசையின்மேல் கால் பரப்பி ஓடும் வண்டியில் ஒருவரே உட்கார்ந்து அத்தனையையும் முடித்துவிடுகிறார்.

பிரான்ஸிலிருந்து வந்த பயணிக்கு இது அழகான காட்சி. காவத்தையில் இருபது வருடம் படங்கு கட்டிக் கொழுந்தெடுத்த அம்மாவுக்கோ மகளுக்கோ, அங்கே நடப்பது தன் தொழில். ஈரிலையும் மொட்டும் என்று விரல் தேடித் தேடி எடுப்பதை இயந்திரம் எப்படிச் செய்யும், தண்டும் முற்றின இலையும் சேர்ந்து வராதா, வந்தால் அதை எங்கே பிரிக்கிறார்கள், சரிவான மலையில் இந்த வண்டி ஏறுமா, இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ எடுப்பார்கள் என்று கேள்விகள் வரிசையாக வரும். இவை எந்தப் பயண நூலும் எழுதாத கேள்விகள். மரத்தில் தொழில் தெரிந்தவர் வேறொரு நாட்டுத் தச்சுப் பட்டறைக்குள் நுழைந்தால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்க்கிற பார்வை இது. 'அதுதான் வீட்டு வாசலில் இருக்கிறதே' என்ற வாக்கியம் அந்தப் பார்வையை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

வித்தியாசம் பறிப்பதோடு நிற்பதில்லை. சப்ரகமுவவில் தேயிலைக்கு ஓய்வே கிடையாது. வாரம் சுற்றினால் அதே மலையில் மறுபடி கொழுந்து. ஷிசுவோகாவில் குளிர்காலம் முழுதும் செடி உறங்குகிறது, வருடத்துக்கு மூன்று நான்கு அறுவடைதான், அதில் முதலாவதுக்கே மதிப்பு. வசந்தத் தொடக்கத்திலிருந்து எண்பத்தெட்டாம் நாளைத் தேயிலை நாளாகக் கொள்கிறார்கள். அது மே 2ஆம் திகதியை ஒட்டி வரும். இங்கே ஸ்டோரில் கொழுந்தை முதலில் வாடப்போட்டு, உருட்டி, புளிக்கவிட்டு, பிறகு சூட்டில் காயவைப்பார்கள். அங்கே பறித்த கையோடு ஆவியில் அவித்து, புளிக்கும் வாய்ப்பையே தடுத்துவிடுகிறார்கள். செடி ஒரே இனம், வாசம் வேறு. இரண்டு தேயிலைத் தொழிற்சாலைகளின் வாசலில் நின்று மூச்சை இழுத்தாலே போதும், இந்த வேறுபாடு விளங்கும்.

கனாயா நிலையத்துக்கு அருகே, மக்கினோஹாரா மேட்டின்மேல், 2018இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. கையால் தேயிலை உருட்டும் பழைய முறையையும் இந்த மாகாணத்தில் இன்னும் கைவிடாமல் காத்துவருகிறார்கள். கீழே சூடேற்றிய மேசையின்மேல் அவித்த கொழுந்தைக் கொட்டி, உள்ளங்கைகளால் அழுத்தி, உதிர்த்து, மறுபடி அழுத்தி, ஊசிபோல் மெலிந்து நீளும்வரை மணிக்கணக்காக உருட்டுவார்கள். இயந்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகும் கைத்தொழிலாளியின் திறமையைக் கலை என்று பெயர்சொல்லி மதிக்கும் இடம் அது. தோட்டத்தில் கைத்திறனுக்கு 'பேர் போடுறது' தவிர வேறு கணக்கே கண்டிராதவர்கள் அந்த மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

இன்னுமொன்று. ஷிசுவோகா நகரை ஒட்டிய மாரிகோவில் தேயிலை பயிரிட்ட தாதா மொத்தோகிச்சி என்பவரை மெய்ஜி அரசு 1870களின் நடுவில் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் அனுப்பியது. அவர் அசாமையும் டார்ஜிலிங்கையும் சுற்றிப் பார்த்து, கறுப்புத் தேயிலை செய்யும் முறையையும் விதைகளையும் கொண்டுவந்தார். அந்த விதை வழியில் வந்த பெனிஹொமாரே என்ற இரகம்தான் 1953இல் ஜப்பானின் தேயிலைப் பதிவேட்டில் முதலாம் இலக்கம் பெற்றது. ஜப்பான் ஒருகாலத்தில் கறுப்புத் தேயிலை ஏற்றுமதி செய்த நாடு. 1971இல் இறக்குமதிக்குக் கதவு திறந்ததும் உள்ளூர்க் கறுப்புத் தேயிலை விழுந்தது. இலங்கை போன்ற நாடுகளின் மலிவான தேயிலையோடு அதனால் போட்டியிட முடியவில்லை. ஆக, ஒரு ஜப்பானிய உழவர் கறுப்புத் தேயிலையைக் கைவிட்ட கதையின் மறுபக்கம் இந்தத் தீவின் லயங்களில் இருக்கிறது. இன்று மாரிகோவில் கறுப்புத் தேயிலை மீண்டும் தயாராகிறது. அதை ஒரு குவளை வாங்கிக் குடித்து, இரத்தினபுரிச் சாயத்தண்ணியோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லத் தகுதி உள்ள நாக்கு எங்கே இருக்கிறது என்று சொல்லவும் வேண்டுமா?

ரயில் நிலையத்து விற்பனை இயந்திரத்தையும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் அதன் ஒரு வரிசைக்குக் கீழே சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கும். அந்தப் போத்தல்கள் கைசுடும் சூட்டில் வந்து விழும். 1986இல் கிரின் நிறுவனம் கொண்டுவந்த 'கோகோ நோ கோச்சா' என்ற தேநீர் பானம் அவற்றில் அநேகமாக இருக்கும். அதற்கு இலங்கைத் தேயிலை போகிறது. 2013 முதல் இலங்கைத் தோட்டங்கள் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்று பெறுவதற்கும் அந்த நிறுவனம் உதவிவருகிறது. டிம்புள்ள, கண்டி, நுவரெலியா என்று ஊர்ப்பெயர் சொல்லி அந்தப் பானத்தை விற்றிருக்கிறார்கள். சப்ரகமுவ அந்த வரிசையில் இல்லை.

இனிச் சாப்பாடு. 'ஜப்பான் சாப்பாடு உப்புச்சப்பில்லாதது, பச்சை மீன், வாயில் வைக்க முடியாது' என்பது தீர்ப்புப்போலவே சொல்லப்படுகிறது. இதைச் சொல்கிறவர்களின் குசினியில் மாசி இருக்கிறது. மாலைதீவிலிருந்து வரும் அந்த மாசி, சூரை இனத்து மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்துச் செய்வது. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான கட்சுவோபுஷியும் அதே இன மீன்தான், அதே அவியல், அதே புகை. உயர்ந்த தரத்துக்குக் கூடுதலாகப் பூஞ்சை பிடிக்கவைத்து மாதக்கணக்கில் காயவிடுகிறார்கள். கடைசியில் கட்டையோடு கட்டை தட்டினால் எழும் ஓசை அதற்கு வந்துவிடும். இங்கே அதை அம்மியில் நுணுக்கிச் சம்பலில் சேர்ப்பார்கள். அங்கே இழைப்புளி பொருத்திய ஒரு சின்னப் பெட்டியில் தேய்த்து, ரோஜா நிறத்தில் சீவல் சீவலாக எடுத்து, கொதிநீரில் கடற்பாசியோடு ஊறவைத்து வடிக்கிறார்கள். அந்த வடிநீர்தான் தாஷி. மிசோ சூப், நூடில்ஸ் குழம்பு, அவித்த மரக்கறி எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரம். மாசிச் சம்பலோடு ரொட்டி தின்று வளர்ந்தவருக்கு ஜப்பானியக் குழம்பின் முதல் வாய் அந்நியமாக இருக்க முடியாது. மிளகாய் இல்லாததால் ருசி இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கட்சுவோபுஷி செய்யும் ஊர்களில் ஒன்று யாய்ஸு. துறைமுக ஊர், ஷிசுவோகா நகரிலிருந்து உள்ளூர் ரயிலில் கால்மணி நேரம்கூட ஆகாது. அதே கரையில் யுயி என்ற சின்னத் துறைமுகம் உண்டு. சுருகா வளைகுடாவில் பிடிபடும் சகுரா எபி என்ற இளஞ்சிவப்புக் கூனி இறாலை, பருவகாலத்தில் பியூஜி ஆற்றங்கரையில் பரப்பிக் காயவைப்பார்கள். கூனி இறால் சம்பல் தெரிந்தவருக்கு அந்த வாசனைக்கு விளக்கம் தேவைப்படாது. கியோட்டோவில் வெளிநாட்டவர் வரிசையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து சாப்பிடும் ஒரு கோப்பை ராமெனுக்கு இவை எந்த விதத்திலும் குறைந்தவை இல்லை.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களின் கவலை நியாயமானது, அதை ஒதுக்கிவிட முடியாது. தாஷி எல்லாவற்றிலும் இருப்பதால், மரக்கறி என்று நம்பி வாங்கும் சூப்பிலும் மீன் இருக்கும். ஆனால் அதற்கு விடை டோக்கியோவில் இந்தியக் கடை தேடி அலைவது என்றால், ஜப்பானுக்குப் போனதே வீண். பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. கந்தசஷ்டி விரதக்காரர்கூடத் தயங்காமல் கைவைக்கலாம். அதை நிறைவாகச் சாப்பிடுவதற்கு கோயாசான் மலை இருக்கிறது. கூக்காய் என்ற துறவி 816இல் இந்த மலையில் மடம் அமைக்கத் தொடங்கினார்; இன்று ஐம்பது அளவிலான மடங்கள் பயணிகளைத் தங்கவைத்து, இரவும் காலையும் சோறு போடுகின்றன. எள்ளில் செய்த தோஃபு, உறையவைத்து உலர்த்திய தோஃபு, கடற்பாசியும் காளானும் ஊறிய தாஷி. ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயிலில் போய், மலையடியில் கேபிள் வண்டி ஏறினால் வந்துவிடும். ஓர் இரவுக் கட்டணம் குறைவில்லை, ஆனால் அதற்குள் இரண்டு வேளைச் சாப்பாடும் அதிகாலை வழிபாடும் அடக்கம்.

காரமான கறி வேண்டுமென்று நாக்கு கேட்கும் நாளும் வரும். அப்போதும் போக வேண்டிய இடங்களுக்கு வரலாறு உண்டு. வங்கத்துப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் வழியாக, ஷின்ஜுக்குவின் நகமுராயா 1927இல் இந்தியக் கறியைப் பரிமாறத் தொடங்கியது. அவரோடு பணியாற்றிய திருவனந்தபுரத்து ஏ. எம். நாயர் 1949இல் கின்ஸாவில் திறந்த உணவகம் இன்னும் நடக்கிறது. இவற்றில் ஒரு மதியம் சாப்பிடுவது போதும். ஆறு நாளும் இந்தியக் கடையிலேயே கழிப்பதற்கு விமானச் சீட்டு எதற்கு?

இரத்தினபுரிக்காரர் மட்டும் கேட்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு. கல் எங்கே போகிறது? டோக்கியோவின் ஒக்காச்சிமாச்சி நகை வணிகத் தெரு பலருக்கும் தெரியும். அங்கிருந்து விலகி, ஷின்ஜுக்குவிலிருந்து ஒன்றரை மணி நேர ரயிலில் யமனாஷி மாகாணத்தின் கோஃபு நகரம் இருக்கிறது. பக்கத்து மலைகளில் கிடைத்த பளிங்கை வெட்டிப் பட்டை தீட்டப் பழகிய ஊர், பளிங்கு தீர்ந்த பிறகும் அந்தக் கைத்தொழிலை விடாமல் ஜப்பானின் நகை உற்பத்தி மையமாக ஆனது. மண்ணில் கல் இல்லாமல் போன பின்பும் தொழில் ஊரில் தங்கியது எப்படி என்பது, பத்தலில் இறங்கிக் கல் தேடும் ஊர்க்காரர் நேரில் கேட்டறிய வேண்டிய விஷயம். சாப்பாட்டுக்கும் குறைவில்லை: பூசணிக்காயும் தடித்த மாவு நாடாவும் மிசோவில் கொதிக்கும் ஹோத்தோ இந்த ஊரின் அன்றாட உணவு. கோஃபுவிலிருந்து பியூஜி மலையின் மேற்குப் பக்கமாக இறங்கும் பியூஜிகாவா என்ற ரயில் இரண்டரை மணி நேரத்துக்குள் நேரே ஷிசுவோகாவில் கொண்டுபோய் விடுகிறது. கல்லிலிருந்து கொழுந்துக்கு ஒரே ரயில். மூன்று நகரத் திட்டத்தில் இது எங்கே?

கியோட்டோவை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் கியோட்டோவில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் இருபது நிமிடத்தில் வரும் ஊஜிக்குப் போகாமல் திரும்புவதை ஏற்க முடியாது. 10 யென் நாணயத்தில் இருக்கும் பியோதோ-இன் மண்டபம் 1053இல் கட்டப்பட்டது, அது ஊஜியில்தான் நிற்கிறது. பாலத்தடியில் உள்ள த்சூயென் தேநீர்க்கடை 1160இலிருந்து நடப்பதாக வரலாறு. பக்கத்து ஊஜிதவாராவில் 1738இல் நகத்தானி சோயென் என்ற உழவர் வகுத்த முறைதான் இன்று ஜப்பானியர் அன்றாடம் குடிக்கும் செஞ்சாவுக்கு மூலம். மட்சா ஐஸ்கிரீமைக் கையில் பிடித்துப் படம் எடுப்பது தேநீர்ப் பண்பாடு என்றால் அந்த உழவர் எதற்காக உழைத்தார்?

தமிழ் வாசகர்களிடையே இன்னொரு கவர்ச்சியும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். ஓனோ சுசுமு என்ற அறிஞர் ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று வாதாடினார், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு பணியாற்றினார்கள். உழைப்பு பெரிது. வரலாற்று மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. ஜப்பானில் உறவு தேடுகிறவருக்குப் பழங்கால மொழியுறவு தேவையே இல்லை. யாய்ஸுவின் மாசியும் மாரிகோவின் அசாம் விதையும் கண்முன்னே இருக்கின்றன.

கடைசிப் பேச்சுக்கு வருவோம்: 'தோட்டத்துப் பிள்ளைகள் போவது உழைக்க.' உழைக்கத்தான் போகிறார்கள். 2019 ஜூனில் இலங்கையும் ஜப்பானும் கையெழுத்திட்ட உடன்பாட்டின்பின், குறித்த திறன் விசாவில் முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டடவேலை என்று இளைஞர் போகும் பாதை திறந்திருக்கிறது. ஜப்பானிய மொழி படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் விடுமுறை உண்டு. ஏப்ரல் 29இலிருந்து மே 5 வரை பொது விடுமுறைகள் நெருங்கி வரும் கோல்டன் வீக், ஷிசுவோகாவில் முதல் கொழுந்தெடுக்கும் அதே வாரம். அந்த வாரத்தில் நாடே பயணப்படும், ரயிலில் இடம் கிடைப்பது சிரமம். முன்கூட்டிப் பதிய வேண்டும். அதைத் தெரிந்து திட்டமிடுவது ஒன்று, உழைக்க வந்தவனுக்கு ஊர் பார்க்க உரிமையில்லை என்று தானே அறையில் அடைந்துகிடப்பது வேறொன்று. இரண்டாவது, துரைமார் காலத்துப் புத்தி. பெரட்டுக்கும் லயத்துக்கும் நடுவில்தான் தொழிலாளியின் உலகம் என்று வகுத்தவர்கள் அவர்கள். அந்த வரம்பை வாரிசுகள் தங்கள் கையாலேயே நரிட்டா விமான நிலையம்வரை கொண்டுபோக வேண்டியதில்லை.

தொழிலாளி என்பதற்காகவே பார்க்க வேண்டிய இடம் மக்கினோஹாரா. 1868இல் ஷோகுன் ஆட்சி விழுந்ததும் பிழைப்பு இழந்த சாமுராய்கள் 1869இல் இந்த மேட்டுநிலக் காட்டில் இறங்கி வெட்டத் தொடங்கினார்கள். ஓய் ஆற்றில் அதுவரை பாலம் கிடையாது. பயணிகளைத் தோளில் சுமந்து கடத்திய கூலிகள் அங்கே ஆயிரத்துக்கு மேல் இருந்தார்கள். புது அரசு அந்த முறையை ஒழித்ததும் அவர்களுக்கும் வேலை போனது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு இதே மேட்டில் காணி கொடுக்கப்பட்டது. கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சப்ரகமுவக் காடுகளை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் இறப்பரும் வைத்தார்கள். மக்கினோஹாராவில் காடு வெட்டியவர்கள் காணிக்காரர் ஆனார்கள். தேயிலைப் பொட்டலத்தில் உழவர் பெயரும் ஊர்ப்பெயரும் அச்சாகிறது. 2023இல் 'மலையகம் 200' நினைவுகூரப்பட்டபோதும், இங்கே காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஏழு பேர்ச் காணிக்குக் கோரிக்கை வைத்துக்கொண்டிருந்தார்கள். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவுக்கு ஏறியது. அதற்கே எத்தனை போராட்டம்.

ஷிசுவோகாவைச் சொர்க்கமாக்கிக் காட்டுவதும் பொய். அங்கே உழவர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள், சரிவான தோட்டங்கள் கைவிடப்பட்டுப் புதர் மண்டுகின்றன. 2024இல் பச்சைத் தேயிலை உற்பத்தியில் முதலிடத்தை அது காகோஷிமாவிடம் இழந்தது. சமநிலத்தில் பெரிய இயந்திரங்கள் ஓடும் தெற்கு மாகாணம் அது. பணமும் நாளும் மிஞ்சுகிறவர் அங்கேயும் போகலாம். காகோஷிமாவின் சிரான் தேயிலையூர்; அதை அடுத்த மக்குராசாக்கி நாட்டிலேயே அதிகம் கட்சுவோபுஷி செய்யும் ஊர், பெனிஃபூக்கி என்ற கறுப்புத் தேயிலை இரகம் பிறந்த ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். மாசியும் தேயிலையும் ஒரே ஊரில். காணி சொந்தமானால் எல்லாம் சரியாகிவிடுமா, இளையவர் தேயிலையை விட்டுப் போனால் தோட்டம் என்ன ஆகும், இயந்திரம் வந்தால் யாருக்கு வேலை மிஞ்சும் என்று இரத்தினபுரியில் இன்று விவாதிக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் இந்த இரண்டு மாகாணங்களில் ஒரு பதிலோ ஒரு எச்சரிக்கையோ இருக்கிறது.

நடைமுறைக்கு இது கடினமான திட்டமும் இல்லை. கொழும்பிலிருந்து நேர் விமானம் நரிட்டாவில் இறங்குகிறது. டோக்கியோவில் இரண்டு இரவு, கோஃபுவில் ஒன்று, ஷிசுவோகாவில் தங்கிக்கொண்டு கனாயாவுக்கும் மாரிகோவுக்கும் யாய்ஸுவுக்கும் போய்வர மூன்று, கியோட்டோவில் தங்கி ஊஜி பார்க்க இரண்டு, கோயாசானில் ஒன்று, ஒசாகாவில் ஒன்று. மொழி தெரியாதே என்பார்கள். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமும் பேசி, இரண்டு மொழிக்கும் நடுவில் கையாலும் முகத்தாலும் காரியம் முடித்துப் பழகியவருக்கு, ரயில் நிலையப் பெயரெல்லாம் ஆங்கில எழுத்திலும் எழுதியிருக்கும் நாட்டில் என்ன பயம்?

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, நாள்வாரியாக எங்கே போகிறார், எங்கே தங்குகிறார் என்று அட்டவணை ஒன்றும் கொடுக்க வேண்டும். பெரும்பாலான முகவர்கள் அதை விண்ணப்பதாரரிடம் கேட்காமலே நிரப்பிவிடுகிறார்கள், அதே மூன்று பெயர்களால். அந்தத் தாளை வாங்கித் தானே நிரப்புவதற்குத் தடை எதுவும் கிடையாது. மூன்றாம் நாளுக்கு எதிரே கோஃபு, ஐந்தாம் நாளுக்கு எதிரே கனாயா என்று எழுதி, அதற்கேற்பத் தங்குமிடத்தைப் பதிந்துவிட்டால் போதும்.